அக்கா மகளுக்குக் கொடுத்த சுத்தியல்

கெலெபிக்கு வலது முழங்கையில் வலி வந்தபோது அவன் முதலில் செய்த காரியம், அதை யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டதுதான். காலையில் டீக் கோப்பையை இடது கையால் எடுப்பான். சட்டைப் பொத்தானைப் போடும்போது மனைவி மெலேவுக்கு முதுகைக் காட்டி நிற்பான். தேவாலயத்தில் கை குலுக்க வருகிறவர்களிடம் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டி, பெரிய பக்திமான் மாதிரி சமாளிப்பான். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு அவனுக்கு. அதில் ஒரு கோலிக்குண்டு அளவு இடம் அவனைப் படாத பாடு படுத்தியது.

வீடு சிட்னியின் மேற்கே, மவுண்ட் ட்ரூயிட்டில். வேலை பாரமட்டாவில், எழும்பிக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடியில். சென்ட்ரிங் வேலை. கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகை அடிக்க வேண்டும். அது இறுகியதும் பலகையைப் பெயர்த்து, அடித்த ஆணியையெல்லாம் பிடுங்கி, அடுத்த மாடிக்கு ஏற்றி, மறுபடியும் அடிக்க வேண்டும். அடித்ததைப் பிடுங்குவதும் பிடுங்கியதை அடிப்பதுமாக ஒரு பிழைப்பு. கோஷ்டியில் எல்லாரும் கெலெபி மாதிரி பசிபிக் கடலின் டோங்காத் தீவுகளிலிருந்து வந்தவர்கள். ஃபோர்மேன் ஸ்திபே மட்டும் குரோவேஷியாக்காரர்.

கெலெபியின் சுத்தியலுக்குப் பெயர் உண்டு. போதகர். தலையிலிருந்து பிடி வரைக்கும் ஒரே இரும்பு, மற்றவர்கள் வைத்திருப்பதைவிட நல்ல கனம். அது வாயைத் திறந்தால் மற்றவர்கள் மூடிக்கொள்ள வேண்டும் என்று கூட்டாளி மாகா வைத்த பெயர் அது. ஆணியை நிறுத்த ஒரு தட்டு, இறக்க ஓர் அடி, அவ்வளவுதான் கெலெபியின் கணக்கு. புதிதாக வருகிறவர்கள் போதகரைத் தூக்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுப்பார்கள். அந்த மரியாதையில் பாதி தனக்குச் சேர வேண்டியது என்பது கெலெபிக்குத் தெரியும்.

டாக்டர் முழங்கையை ஒரே ஓர் அழுத்து அழுத்தினார். கெலெபி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான்.

"கொஞ்ச நாளைக்குச் சுத்தியலைத் தொடாதீங்க," என்றார்.

தொடாமல்? சென்ட்ரிங்கில் சுத்தியலைத் தொடாதவனுக்குத் துடைப்பம்தான் கொடுப்பார்கள். கீழ்த்தளத்தில் மரத்தூளைக் கூட்டிக்கொண்டு, மேலே தன் ஆட்கள் பாட்டுப் பாடிக்கொண்டே பலகை அடிப்பதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அப்படித் துடைப்பத்துக்குப் போனவர்கள் யாரும் மறுபடி மேலே ஏறி வந்து அவன் பார்த்ததில்லை. அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: மேலே, தன் ஆட்களோடு, தலை நிமிர்ந்து நிற்க வேண்டும். மற்றதெல்லாம் ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும்.

சனிக்கிழமை யாருக்கும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு பென்ரித் பக்கம் ஒரு கருவிக் கடைக்குப் போனான். போதகரையும் ஒரு துண்டில் சுற்றி எடுத்துப் போயிருந்தான். கடைக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது சுத்தியல் இல்லைய்யா, நங்கூரம். இரும்புப் பிடி வேற. ஆணிக்குப் போற அடியில பாதி உன் கைக்கே திரும்பி வருமே. முழங்கையா, தோளா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. என் கூட்டாளிக்கு."

"சரி, உன் கூட்டாளிக்குக் கை எவ்வளவு பெருசு?"

கெலெபி தன் கையை நீட்டினான். கடைக்காரர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

ஓரத்தில் ஒரு மரக்கட்டை கிடந்தது, அடித்துப் பார்க்க. இருப்பதிலேயே லேசானதைக் கெலெபி முதலில் எடுத்தான். அது அடிக்கிற மாதிரியே இல்லை. ஒரே அடியில் இறங்க வேண்டிய ஆணிக்கு மறுபடி மறுபடி கொட்ட வேண்டியிருந்தது. கனத்தில் மிச்சம் பிடித்ததை எண்ணிக்கையில் பறிகொடுப்பதா? அடுத்ததற்குத் தலை நன்றாக இருந்தது, பிடி ஒல்லி. ஒல்லிப் பிடியை அவன் கை இறுக்கிப் பிடித்தது, இறுக்கியதும் முழங்கை கத்தியது. மூன்றாவது டைட்டானியம் தலை, கொஞ்சம் தடித்த மரப்பிடி. ஓங்கினான். கை தானாகவே வேகமாக வந்தது. ஆணி இறங்கியது. கெலெபி அப்படியே குனிந்தபடி காத்திருந்தான், வலி வரட்டும் என்று. வரவில்லை.

சந்தோஷப்பட வேண்டியவன்தானே? படவில்லை. தலை வெள்ளியாக மினுக்கியது, பிடி பொம்மைக் கடைச் சாமான் மாதிரி வழவழவென்று இருந்தது. இதை இடுப்பில் செருகிக்கொண்டு மாகாவுக்கு முன்னால் எப்படி நிற்பது? வைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் காதில் ஏறவில்லை. அடுத்த சனிக்கிழமை மறுபடி போனான், மறுபடி அடித்துப் பார்த்தான், மறுபடி வைத்துவிட்டு வந்தான்.

மெலே இடுப்பில் கை வைத்து நின்றாள். "வாராவாரம் எங்க போறீங்க? பென்ரித்ல உங்களுக்கு யாராவது பொண்ணு கிண்ணு பாத்து வச்சிருக்காங்களா?"

"சுத்தியல் பாக்கப் போனேன்."

"சுத்தியலா? அதுக்கா இப்படி வேர்க்குது?"

அப்புறம்தான் கையை நீட்டிக் காட்டினான். மெலே அதைத் தொட்டுப் பார்த்தாள், திட்டவில்லை. "போய் வாங்கிட்டு வாங்க, மக்கு மனுஷா," என்றாள்.

வாங்கி வந்தவன் அதைக் காரேஜில் வைத்துக் கறுப்புப் பெயின்ட் அடித்தான். காய்ந்ததும் கான்கிரீட்டில் தேய்த்துப் பழசாக்கினான். வழவழப் பிடியில் கறுப்பு டேப்பைச் சுற்றினான். புதுச் சாமானைப் பழசாக்குவதற்கு இவ்வளவு பாடுபட்ட மனிதன் சிட்னியில் வேறு எவனும் இருக்க முடியாது. போதகர் காரேஜ் அலமாரியில் படுத்துக்கொண்டார்.

மேல்தளத்தில் யாரும் கண்ணால் கண்டுபிடிக்கவில்லை. காதால்தான் கண்டுபிடித்தார்கள்.

"என்னடா கெலெபி, போதகருக்குத் தொண்டை கட்டிருச்சா?" என்று மாகா அந்தக் கோடியிலிருந்து கத்தினான். "சத்தமே எழும்பலையே!"

"நீ பாவமன்னிப்பு கேட்டாத்தான் பேசுவாராம்," என்று கெலெபி சொல்லிவிட்டு, வேகமாக அடுத்த ஆணிக்குப் போனான்.

வாரங்கள் போகப் போக வலி இறங்கியது. டீக் கோப்பை வலது கைக்கு வந்தது. ஆனாலும் அவனுக்கு நிம்மதி இல்லை. யார் அருகில் வந்தாலும் கை இடுப்புக்குப் போய்ச் சுத்தியலை மறைத்தது. இப்படி இருக்கும்போதுதான் அக்கா மகள் சேலாவுக்கு அதே கோஷ்டியில் வேலை கிடைத்தது.

அக்கா லெசியெலி வீட்டுக்குள் நுழைந்தால் கெலெபி வராந்தாவுக்குப் போய்விடுவான். டோங்கா வழக்கத்தில், அக்கா இருக்கும் அறையில் தம்பி காலை நீட்டி உட்காரக் கூடாது, அவள் காதுபட அசிங்கமாக ஒரு வார்த்தை பேசக் கூடாது. அக்காவுக்கே இந்த மரியாதை என்றால் அக்காவின் பிள்ளைகளுக்குக் கேட்கவே வேண்டாம். அவர்கள் ஃபாஹு. தாய்மாமன் வீட்டில் அவர்கள் கை வைத்தது அவர்களுடையது. நம்மூர்த் தாய்மாமனுக்காவது சீர் செய்ய நாள், நட்சத்திரம் உண்டு. இங்கே அதெல்லாம் கிடையாது. சேலா சின்ன வயதிலிருந்து எடுத்துப் போனவற்றில் வேனின் ஸ்பீக்கர் உண்டு, மீன்பிடிக்கப் போகும்போது கொண்டுபோகிற ஐஸ் பெட்டி உண்டு, ஒருமுறை அவன் காலில் கிடந்த செருப்பே உண்டு. கெலெபி வெறுங்காலோடு சிரித்துக்கொண்டு நின்றான். கொடுத்தால் சிரிக்கத்தான் வேண்டும். இருப்பதில் நல்லதைத்தான் கொடுக்கவும் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து, தேவாலய மரியாதைக்காக உடைக்கு மேல் இடுப்பில் சுற்றிக் கட்டிய பாயைக்கூட அவிழ்க்காமல், அக்காவும் சேலாவும் வந்தார்கள். தரையில் குழி தோண்டிய அடுப்பில் சேப்பங்கீரையில் பொதிந்த இறைச்சி வெந்துகொண்டிருந்தது. அக்கா உள்ளே மெலேவோடு உட்கார, சேலா நேராகக் காரேஜுக்கு வந்தாள். இருபத்தாறு வயது, கிடங்கில் பெட்டி தூக்கித் தூக்கி உரமேறிய கை, நாக்கோ அதைவிட உரம்.

"மாமா, நாளைக்கு எனக்கு வேலை. சுத்தியல் வேணும். எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். கெலெபிக்குக் காது சூடானது. அவள் கை ஆணியில் தொங்கிய பெல்ட்டுக்குப் போனது, அதில் செருகியிருந்த கறுப்புச் சுத்தியலைத் தொட்டது.

"அது வேணாம்!" என்றான். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. "அது பழசு, பிடி ஆட்டம் காணுது. உனக்குப் போய் அதைக் குடுப்பேனா? இங்க பாரு." அலமாரியிலிருந்து போதகரை எடுத்து இரண்டு கைகளிலும் ஏந்தினான். "இதை எடுத்துக்க."

சேலா வாயைப் பிளந்தாள். "போதகரா? எனக்கா? மாமா, நிஜமாவா?"

"பின்ன வேற யாருக்கு?"

அவள் அதை வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டாள். கெலெபி சிரித்தான். கதவோரம் வந்து நின்ற மெலே சிரிக்கவில்லை. அன்று சாயங்கால ஆராதனை முடிந்ததும் அக்கா தேவாலய வாசலில் வைத்து, தம்பி தன் சொந்தச் சுத்தியலையே மகளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். பாதிரியாரின் மனைவி கெலெபியின் தோளைத் தட்டிப் பாராட்டினாள். அவனுக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

திங்கட்கிழமை சேலா போதகரோடு மேல்தளத்துக்கு வந்ததும் கோஷ்டி ஆரவாரம் செய்தது. மாகா கெலெபியின் இடுப்பைக் குனிந்து பார்த்தான்.

"அப்ப இவரு யாரு?"

"துணைப் போதகர்," என்றான் கெலெபி. எல்லாரும் சிரித்தார்கள். விஷயம் முடிந்தது என்று நினைத்தான்.

சேலா அருமையாக அடித்தாள். மாமனின் பெயரைக் கெடுத்துவிடக் கூடாது என்று ஒரே அடியில் இறக்கினாள். ஸ்திபேயே நின்று பார்த்துவிட்டுப் போனார். ஆனால் போதகரைப் பற்றிக் கெலெபிக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. அவன் தன் வேலையை விட்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் அவள் அடித்துக்கொண்டே நடுநடுவில் மணிக்கட்டை உதறினாள். அப்புறம் முழங்கையில் ஒரு பட்டை வந்தது. "கொசு கடிச்சிருச்சு," என்றாள். ஒரு நாள் டீ நேரத்தில் கோப்பையை இடது கையால் எடுத்தாள். கெலெபி தன் டீயைக் குடிக்காமல் கீழே ஊற்றினான்.

வீட்டில் உட்கார முடியவில்லை. டிவியைப் போடுவான், அணைப்பான். வாசலுக்குப் போவான், திரும்பி வருவான்.

"அவகிட்ட சொல்லுங்க," என்றாள் மெலே.

"என்னன்னு சொல்றது? நல்லதை நான் வச்சுக்கிட்டு, என் கையைக் கெடுத்ததை உனக்குக் குடுத்தேன்னா? அக்கா காதுக்குப் போனா?"

"அப்ப அந்தச் சின்னச் சுத்தியலைக் குடுத்துடுங்க. உனக்குப் பிடிச்சிருந்ததே, அதான் குடுக்கறேன்னு சொல்லுங்க."

"குடுத்துட்டு நான்? அந்த விலைக்கு இன்னொண்ணு வாங்கப் பணம் ஏது? துடைப்பத்துக்குப் போறதா?"

"அவ போகட்டுமா?"

கெலெபி மறுபடி வாசலுக்குப் போனான். தன்மீது அவனுக்கு வந்த வெறுப்புக்கு அளவில்லை. ஆனாலும் மறுநாள் காலையில் கறுப்புச் சுத்தியல்தான் அவன் இடுப்பில் இருந்தது.

வியாழக்கிழமை உத்தரத்தின் பக்கப் பலகையை அடித்துக்கொண்டிருந்த சேலாவின் கையிலிருந்து போதகர் நழுவியது. இரண்டு பலகைகளுக்கு நடுவே விழுந்து, கீழ்த்தளத்து முட்டுகளில் மோதி, கணீரென்று தரையில் போய் விழுந்தது. கீழே யாரும் இல்லை. இருந்திருந்தால்?

ஸ்திபே ஓடி வந்தார். "யாரோடது? கையில என்ன?"

"வேர்வை, ஸ்திபே. வழுக்கிருச்சு," என்றாள் சேலா. முகம் வெளுத்திருந்தது.

"கை சரியில்லன்னா சொல்லு, கீழ போ. இன்னொரு தடவை விழுந்தா இந்தத் தளத்துல உன்னைப் பார்க்கக் கூடாது."

அவள் தலையாட்டிவிட்டுச் சுத்தியலை எடுக்கப் படி இறங்கினாள். கெலெபி பின்னாலேயே போனான். படிக்கட்டின் திருப்பத்தில் நிறுத்தி, தன் சுத்தியலை உருவி, ஓர் ஆணியால் தலையைச் சுரண்டினான். கறுப்பு உதிர்ந்து வெள்ளி தெரிந்தது.

"இது பழசு இல்ல," என்றான். "புதுசு. லேசானது. போதகரால என் கை போச்சு, அதனால வாங்கினேன். அன்னிக்கு நீ இதைத்தான் தொட்டே. நான் பொய் சொல்லி உன்கிட்டேருந்து மறைச்சேன்."

சேலா சுத்தியலைப் பார்த்தாள்.

"நான் என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன், மாமா," என்றாள். "மாமா தன்கிட்ட இருந்ததுலயே நல்லதை எனக்குக் குடுத்தாரு, அதைத் தூக்க எனக்குத்தான் பலம் இல்லைன்னு. அதனாலதான் வலின்னு யார்கிட்டயும் சொல்லல. அம்மாகிட்டகூட."

கெலெபி ஒரு படி இறங்கி அவளுக்கு நேராக நின்றான். சுத்தியலை நீட்டினான். அவள் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள், கீழே போய்ப் போதகரையும் எடுத்துக்கொண்டாள், திரும்பிப் பார்க்கவில்லை. அன்று மீதிப் பொழுதெல்லாம் அவன் இடுப்பு காலியாக இருந்தது. பலகை சுமந்தான், கான்கிரீட் ஒட்டாமலிருக்க அதற்கு எண்ணெய் தடவினான், யார் கண்ணிலும் படாமல் ஒதுங்கி ஒதுங்கித் திரிந்தான். சாயங்காலம் ஃபோன் மணி அடித்தபோதெல்லாம் அக்காதான் என்று நடுங்கினான். அக்கா கூப்பிடவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

மறுநாள் காலையில் ஒரு முடிவோடுதான் படியேறினான். ஸ்திபேயிடம் கையைப் பற்றிச் சொல்லிவிட்டுத் துடைப்பத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வது. அவரைத் தேடிக்கொண்டு மேல்தளத்துக்குப் போனபோது சேலா எல்லாருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். கையில் அந்தச் சுத்தியல். மிச்சம் இருந்த கறுப்பையும் ராத்திரியோடு ராத்திரியாகச் சுரண்டியிருந்தாள் போல, வெயிலில் பளபளவென்று இருந்தது.

"எல்லாரும் கேட்டுக்கங்க," என்றாள் உரக்க. "மாமா தனக்குன்னு ஆசையா வாங்கி வச்சிருந்தாரு. அது எனக்குப் பிடிச்சுப் போச்சு. எடுத்துக்கிட்டேன்."

கோஷ்டி வாய்விட்டுச் சிரித்தது. கேலிச் சிரிப்பில்லை அது. அங்கே நின்ற ஒவ்வொருவனும் ஏதோ ஒரு அக்கா பிள்ளையிடம், தங்கை பிள்ளையிடம் எதையாவது பறிகொடுத்தவன்தான்.

"விடுடா கெலெபி," என்று மாகா அவன் தோளில் கை போட்டான். "என் தோல் ஜாக்கெட்டை நடுக் குளிர்ல உருவிட்டுப் போனான் எங்க தங்கச்சி மகன். போதகரையும் விடலையா?"

"அவரு ரிட்டையர் ஆயிட்டாரு," என்றாள் சேலா. "எங்கம்மா தேங்காய் உடைக்க வச்சுக்கிட்டாங்க." பிறகு ஸ்திபே பக்கம் திரும்பினாள். "காலைல மாமாவுக்கு இதை இரவல் தருவேன். அந்நேரம் நான் பலகை எடுத்துக் குடுக்கறேன். சாப்பாட்டுக்கு அப்புறம் எனக்குத் திருப்பித் தந்துடணும். அதுக்கப்புறம் மாமா மட்டம் பார்க்கட்டும்."

"ரெண்டு பேருக்கு ஒரு சுத்தியலா?" என்றார் ஸ்திபே.

"எங்க வழக்கம்."

ஸ்திபே டோங்காக்காரர்களோடு பாதி ஆயுளைக் கழித்தவர். கெலெபியின் கையை ஒரு பார்வை பார்த்தார், சேலாவின் கையை ஒரு பார்வை பார்த்தார். "மட்டம் பார்க்க எனக்கும் ஆள் இல்ல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கெலெபி அன்று காலை முழுவதும் அடித்தான். வலித்தது, ஆனால் தாங்கும்படியாக. சாப்பிட்டு முடித்ததும் சேலா எல்லார் முன்னாலும் வந்து கையை நீட்டினாள். கோஷ்டி "ஓ" என்று கத்தியது. கெலெபி எழுந்து அவளருகே போனான்.

"அக்காகிட்ட என்ன சொன்னே?" என்று மெதுவாகக் கேட்டான்.

"எனக்கு உங்க மேல கோபம் இன்னும் போகல," என்றாள் அவளும் குரலைத் தாழ்த்தி. "ஆனா கை வலின்னு நீங்க யார்கிட்டயும் சொல்ல வேணாம், மாமா. நான் பிடுங்கிக்கிட்டேன்னு சொல்லுங்க. அம்மாகிட்டயும் அதைத்தான் சொல்லியிருக்கேன்."

சிரிக்கத்தான் வேண்டும், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரித்தபடி சுத்தியலை அவள் கையில் வைத்தான்.